செவ்வாய்க்கிழமை லேட்டாக வரும் அக்கா

அல்சூரோ ஈஜிபுராவோ எலக்ட்ரானிக் சிட்டியோ, பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் எந்தப் பக்கம் போனாலும் காலை வேளையில் ஒரு வசனம் காதில் விழும். பாத்திரம் தேய்க்க வருகிறவர் ஏழரைக்கு வர வேண்டும். எட்டு மணி ஆகியும் காணோம். சிங்க்கில் நேற்று ராத்திரி சாம்பார் வைத்த குக்கர் காய்ந்து கிடக்கிறது. "அவளுக்குப் பொறுப்பே கிடையாது." எட்டேகாலுக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டதும், "வாங்கக்கா."

முன்னால் அக்கா, பின்னால் அவள். அந்தக் கதை இப்போது வேண்டாம். அந்த மூன்று சொல் வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கண்ணில் பட்டது ஒரு தாமதம், வாயில் வந்தது ஒரு குணம். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் இருந்தும் யாரும் எதையும் விசாரிக்கவில்லை.

இந்தத் தாவலைத்தான் சமூக உளவியலில் 'காரணம் கற்பித்தல்' என்ற தலைப்பில் படிக்கிறார்கள். தொடங்கி வைத்தவர் ஃப்ரிட்ஸ் ஹைடர். 1944-ல் அவரும் மேரியான் சிம்மலும் சில நிமிஷமே ஓடும் ஒரு ஊமை அசைபடத்தைத் தயாரித்தார்கள். பெரிய முக்கோணம் ஒன்று, சின்ன முக்கோணம் ஒன்று, ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு செவ்வகம். அவ்வளவுதான் நடிகர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள் என்று 34 பேரிடம் கேட்டபோது, வடிவங்கள் இங்கிருந்து அங்கே நகர்ந்தன என்கிற மாதிரி சொன்னவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் கதையே சொன்னார்கள்: பெரிய முக்கோணம் அடாவடிக்காரன், வட்டம் பயந்து ஒளிகிறது, சின்னது எதிர்த்து நிற்கிறது. முக்கோணத்துக்கே குணம் ஒட்டுகிறவர்கள் அக்காவை விட்டுவைப்போமா? ஒரு செயலுக்குக் காரணம் ஆளிடம் இருக்கிறதா, ஆள் நிற்கும் இடத்தில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கும் வேலையை நாம் தினமும் செய்கிறோம், பெரும்பாலும் ஆளின் பக்கமே சாய்கிறோம் என்று 1958-ல் ஹைடர் விரிவாக எழுதினார்.

பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு வழியை 1967-ல் ஹெரால்ட் கெல்லி கொடுத்தார். மூன்று கேள்விகள். மற்றவர்களும் இப்படியா? மற்ற இடத்திலும் இவர் இப்படியா? எப்போதும் இப்படியா?

மற்றவர்கள் சரியாக வருகிறார்கள், இவர் மட்டும் லேட். போகிற வீடெல்லாம் லேட். எல்லா நாளும் லேட். மூன்றும் சேர்ந்தால்தான் "ஆள் அப்படி" என்று சொல்லக் கொஞ்சம் உரிமை வருகிறது. மாறாக, உங்கள் வீட்டுக்கு வரும் எல்லோருமே எப்போதும் லேட், ஆனால் அவர்கள் வேறு இடத்தில் லேட் இல்லை என்றால், உங்கள் வீட்டைத்தான் பார்க்க வேண்டும். வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரே ஒரு லிஃப்டை ஒதுக்கிவிட்டு, அதிலேயே கியாஸ் சிலிண்டரையும் தண்ணீர் கேனையும் ஏற்றும் அபார்ட்மெண்டாக இருக்கலாம். சில நாள் லேட், சில நாள் இல்லை என்றால் நாளைப் பார்க்க வேண்டும்.

சொல்வது சுலபம், செய்யும்போது எங்கே சறுக்குகிறது என்பதுதான் முக்கியம். ஃபிரிட்ஜ் பக்கத்தில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரே போதும். நாலு வாரம், தினமும் வந்த நேரத்தை எழுதுங்கள். 'லேட்' என்று எழுதாதீர்கள். லேட் என்பது தீர்ப்பு, 8.10 என்பது செய்தி. சரியாக வந்த நாளையும் விடாமல் எழுத வேண்டும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஏழரைக்கு மணி அடித்தால் கதவைத் திறந்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறோம், அந்த நாள் மனதில் பதிவதே இல்லை. காய்ந்த குக்கர் இருக்கும் நாள் மட்டும் பதிகிறது. மாசக் கடைசியில் நினைவிலிருந்து கணக்குப் போட்டால் "தினமும் லேட்" என்றுதான் வரும்.

ஒரு உதாரணக் கணக்கு. ஞாயிறு விடுமுறை போக நாலு வாரத்தில் 24 நாள். எட்டு மணிக்கு மேல் வந்தது 9 நாள். இதுவரைக்கும் பார்த்தால், மூன்று நாளுக்கு ஒரு நாளுக்கு மேல் தாமதம், மோசம்தான். அதே 24 நாளைக் கிழமைவாரியாகப் பிரித்தால்: செவ்வாய், வியாழன், சனி சேர்ந்து 12 நாள், அதில் 8 நாள் லேட். திங்கள், புதன், வெள்ளி சேர்ந்து 12 நாள், அதில் ஒரே ஒரு நாள் லேட். பொறுப்பில்லாமை கிழமை பார்த்து வராது. அந்த மூன்று நாளில் என்ன என்று தேடினால், பெங்களூரில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்ற வேண்டியது தண்ணீர். காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில தெருக்களுக்கு வாரத்தில் குறிப்பிட்ட சில நாள் மட்டும் விடுவது இந்த ஊரில் சகஜம். அபார்ட்மெண்டில் சம்ப் இருக்கிறது, டேங்கர் வருகிறது, மோட்டார் போட வாட்ச்மேன் இருக்கிறார். ஒண்டுக் குடித்தன வரிசையில் பொதுக் குழாயில் ஆறரைக்குத் தண்ணீர் வந்தால் குடம் வைத்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நகர்ந்தால் குடமும் நகர்ந்துவிடும்.

இது 'எப்போதும் இப்படியா' என்ற கேள்விக்கான பதில். 'மற்றவர்களும் இப்படியா' என்பதற்கு, அதே தெருவிலிருந்து வரும் மற்ற பெண்கள் எந்த நாளில் தாமதம் என்று மேல் மாடி, கீழ் மாடியில் விசாரித்தால் தெரிந்துவிடும். இரண்டே வாக்கியம் பேச வேண்டிய வேலை. ஆனால் லிஃப்டில் பார்க்கும்போது நாம் கேட்பது, "உங்க வீட்டுக்கு வர்றவ ஒழுங்கா வர்றாளா?" பதில், "எங்க, எல்லாம் ஒரே கதைதான்." அந்தப் பதிலில் தகவல் இருந்தது. எல்லாம் ஒரே கதை என்றால் ஒருத்தியின் குணம் எப்படிக் காரணம் ஆகும்? ஆனால் இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டு, "இப்போல்லாம் யாருக்கும் பொறுப்பில்லை" என்று முடித்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே மாதிரி நடந்தால் இடத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்பது கெல்லியின் வழி. நாமோ எல்லோரையும் சந்தேகப்படுகிறோம். மூன்று கேள்விகளில் மனிதர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவது இந்த முதல் கேள்வியைத்தான்.

மிச்சம் இருப்பது 'மற்ற இடத்திலும் இப்படியா'. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு அக்கா நாலு வீடு செய்கிறார் என்றால், உங்கள் வீடு எத்தனையாவது? முதல் வீடு என்றால் காலைத் தாமதம் முழுக்க உங்கள் தலையில். நடுவில் டீயையும் டிபனையும் விட்டுவிட்டு, நடையை வேகப்படுத்தி, நாலாவது வீட்டுக்குப் போகும்போது நேரத்தைச் சரிக்கட்டிவிடுவார். நாலாவது வீட்டு அம்மாவைக் கேட்டால், "கடிகாரம் மாதிரி வருவா" என்பார். ஒரே பெண், ஒரே நாள். முதல் வீட்டில் பொறுப்பில்லாதவர், நாலாவது வீட்டில் கடிகாரம். இரண்டு வீடும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை.

பெருநகரத்தில் இருக்கும் சிக்கலே இதுதான் என்பது என் கணிப்பு. சொந்த ஊரில் ஒரே ஆளைப் பத்து வேஷத்தில் பார்ப்போம். மளிகைக்கடைக்காரர் கடையில் கறாராக இருப்பார், கோவில் கொடையில் தாராளமாகச் செலவழிப்பார், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். கறார் என்பது கடையின் குணம் என்று தன்னால் புரியும். இங்கே பத்தாயிரம் பேரை ஆளுக்கு ஒரே வேஷத்தில் பார்க்கிறோம். செக்யூரிட்டியைக் கேட்டில் மட்டும், ஆட்டோக்காரரைப் பேரம் பேசும்போது மட்டும், சக ஊழியரை மீட்டிங்கில் மட்டும், மேல் வீட்டுக்காரரை நாற்காலி இழுக்கும் சத்தமாக மட்டும். கெல்லியின் இரண்டாவது கேள்விக்கு நம் கையில் தரவே கிடையாது. தரவு இல்லை என்று மனம் சும்மா இருக்குமா? பார்த்த ஒரு வேஷத்தையே முழு ஆள் என்று எடுத்துக்கொள்கிறது.

வேஷம் ஆளை எப்படி மறைக்கும் என்பதற்கு 1977-ல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த வினாடி வினா சோதனையை விடத் தெளிவான சாட்சி கிடையாது. லீ ராஸ், தெரேசா அமாபிலே, ஜூலியா ஸ்டைன்மெட்ஸ் மூவரும் செய்தது. மாணவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, யார் கேள்வி கேட்பவர், யார் பதில் சொல்பவர் என்பதை அவர்கள் கண் முன்னாலேயே குலுக்கல் மாதிரி முடிவு செய்தார்கள். கேட்பவர் தனக்குத் தெரிந்த துறையிலிருந்து, கஷ்டமான பத்துக் கேள்விகள் தயாரிக்க வேண்டும். பதில் சொன்னவர்களுக்குச் சராசரியாகப் பத்தில் நாலு சரியாக வந்தது. பிறகு, இரண்டு பேரின் பொது அறிவையும் மதிப்பிடச் சொன்னார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் கேள்வி கேட்டவரையே அறிவாளி என்றார்கள். பதில் சொல்லித் தோற்றவர்களும் அப்படியே. பெரிதாக ஏமாறாதவர்கள் கேள்வி கேட்டவர்கள் மட்டும்தான். தனக்குத் தெரியாத விஷயம் எவ்வளவு என்பது அவர்களுக்குத்தானே தெரியும்! ஆளின் குணத்தை மிகையாகவும் சூழலைக் குறைவாகவும் எடைபோடும் இந்தப் பழக்கத்துக்கு 'அடிப்படைக் காரணப் பிழை' என்ற பொருள்பட ராஸ் அதே ஆண்டு பெயர் வைத்தார்.

இந்தச் சோதனையை ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் தினமும் நூறு அறைகளில் இன்டர்வியூ என்ற பெயரில் நடத்துகிறார்கள். கேட்பவர் போன வாரம் தன் புராஜெக்ட்டில் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்திலிருந்து கேள்வி எடுக்கிறார். அவருக்கு அது தண்ணி பட்ட பாடு. எதிரே இருப்பவர் திணறினால், "பேசிக்ஸ் வீக்" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். இதைச் சரிசெய்ய விரும்பும் டீம் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கேள்விகளை முந்தின நாளே எழுதி வைத்து எல்லோருக்கும் அதையே கேட்பது. எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் என்பதை ஆளைப் பார்ப்பதற்கு முன்பே குறித்து வைப்பது. மிக முக்கியமாக, அந்தக் கேள்வியைத் தயாரிக்காத சக ஊழியர் இரண்டு பேரை முதலில் பதில் சொல்லவைப்பது. டீமில் ஐந்து வருஷம் இருப்பவரே பத்தில் ஐந்துதான் எடுக்கிறார் என்றால், வெளியாள் எடுத்த நாலுக்கு அர்த்தம் மாறிவிடும். இந்த மூன்றாவதை யாரும் செய்வதில்லை. சீனியர் பரீட்சை எழுதக் கூச்சப்படுகிறார், வேறென்ன.

சூழல் தெரியாததால்தான் இப்படி, தெரிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் இருவரும் 1967-ல் வெளியிட்ட ஆய்வில், ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்று எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்குக் கொடுக்கப்பட்டது என்று தெளிவாகவே சொன்னார்கள். அப்படியும் ஆதரித்து எழுதியவர் மனசுக்குள் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்று படித்தவர்கள் கணித்தார்கள். நம் கேட்டில் நடப்பதும் அதுதான். விருந்தாளியை ஆப்பில் ஓகே கொடுக்காமல் உள்ளே விடக்கூடாது என்று அசோசியேஷன் கூட்டத்தில் கை தூக்கியவரே, தன் மச்சானை நிறுத்திவைத்த செக்யூரிட்டியை, "ரொம்பத் திமிர்" என்பார். விதி அவருக்குத் தெரியாததா? தெரியும். மச்சான் வெயிலில் நிற்கும்போது அது உதவிக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை டேனியல் கில்பர்ட்டும் அவர் சகாக்களும் 1988-ல் அழகாகக் காட்டினார்கள். பதற்றமாக இருக்கும் ஒரு பெண்ணின் வீடியோவைச் சத்தம் இல்லாமல் போட்டார்கள். அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது மட்டும் எழுத்தில் வரும். யாருக்கும் கூச்சம் தரக்கூடிய அந்தரங்க விஷயங்கள். சும்மா பார்த்தவர்கள், "இப்படிக் கேட்டால் யாருக்கும் பதறும்" என்று கழித்துக்கொண்டார்கள். இன்னொரு குழுவுக்கு அந்தத் தலைப்புகளை மனப்பாடம் செய்யும் வேலையையும் கொடுத்தார்கள். இவர்கள் அந்தப் பெண்ணை இயல்பிலேயே பதற்றக்காரி என்று முடிவு கட்டினார்கள். பதற்றத்துக்குக் காரணமான தலைப்புகளையே உருப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்! அதாவது குணம் ஒட்டுவது தானாக, இலவசமாக நடந்துவிடுகிறது. சூழலைக் கழிப்பது இரண்டாவது வேலை, அதற்குத் தலையில் இடம் வேண்டும். சில்க் போர்டு ஜங்ஷனில் ஒரு மணி நேரம் நின்று, காதில் ஒரு காலோடு வீட்டு கேட்டுக்கு வருகிறவருக்கு அந்த இடம் இல்லை. ஆகவே நடைமுறையில் செய்யக்கூடியது தீர்ப்பைத் தள்ளிப்போடுவது. இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் கிடைக்கும் பத்து நிமிஷத்தில் அப்ரைசல் கமெண்ட் எழுதாதீர்கள், கேட்டில் நின்றபடி புகார் மெயில் தட்டாதீர்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு எழுதினால் அதே ஆள் வேறு மாதிரி தெரிவார்.

அவசரம் பார்க்கிறவரை மட்டும் கெடுப்பதில்லை, பார்க்கப்படுகிறவரையும் மாற்றிவிடுகிறது. ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973-ல் வெளியிட்டது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை, பக்கத்துக் கட்டிடத்தில் போய்ப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். நேரம் நிறைய இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். சரியாகப் போய்விடலாம் என்று அனுப்பப்பட்டவர்களில் 45. நேரமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10. பாதிப் பேர் பேசப் போன தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! அந்தத் தலைப்பால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. ரிங் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தவரைத் தாண்டிப் போகும் நூறு வண்டிகளைப் பார்த்து, "இந்த ஊர் ஜனங்களுக்கு ஈரமே இல்லை" என்கிறவர்கள் அந்த 63-ஐயும் 10-ஐயும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் வியாதி, நம் ஆட்கள் நிலைமையைப் பார்த்துப் பேசுகிறவர்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதற்கு ஆதாரமும் உண்டு, அதுவும் இங்கிருந்து 150 கிலோமீட்டர் தள்ளி. ஜோன் மில்லர் 1984-ல் வெளியிட்ட ஆய்வு சிகாகோவையும் மைசூரையும் ஒப்பிட்டது. தங்களுக்குத் தெரிந்த ஒருவர் செய்த நல்ல காரியம், கெட்ட காரியம் இரண்டையும் அவர்களையே சொல்லவைத்து, ஏன் செய்தார் என்று விளக்கச் சொன்னார்கள். அமெரிக்கப் பெரியவர்கள் சொன்ன காரணங்களில் ஏறக்குறைய 40 சதவீதம் குணத்தைப் பற்றியவை. மைசூர் இந்துப் பெரியவர்களிடம் அது 20-க்கும் கீழே. எட்டு வயதுக் குழந்தைகளிடம் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, இது பிறவியில் வருவதில்லை, வளர வளரக் கற்றுக்கொள்வது.

அதில் வந்த ஒரு சம்பவம்: ஒரு வக்கீல் மோட்டார் சைக்கிளில் போகும்போது டயர் வெடிக்கிறது, பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடி. வக்கீல் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துவிடுகிறார். இதைச் சொன்ன இந்தியர், வக்கீலுக்குக் கட்சிக்காரருக்காகக் கோர்ட்டில் நிற்கும் கடமை இருந்தது, அடியும் அவ்வளவு மோசமாகத் தெரிந்திருக்காது என்று விளக்கினார். அதே சம்பவத்தை அமெரிக்கர்களிடம் கொடுத்தபோது, வக்கீல் பொறுப்பில்லாதவர் என்று பதில் வந்தது.

பொறுப்பில்லாதவர். சிங்க் பக்கத்தில் கேட்ட அதே சொல். ஆகவே மைசூர் ஆய்வைக் காட்டி மார்தட்ட வேண்டாம். அங்கே கேட்டது தெரிந்த மனிதர்களைப் பற்றி. தெரிந்தவரின் கடமை, குடும்பம், கஷ்டம் நமக்குத் தெரியும், சொல்லுகிறோம். தெரியாதவரிடம் அந்தச் சரக்கு இல்லை. அமெரிக்கா போகாமலேயே பெங்களூரில் அமெரிக்கராகிவிடலாம் போலிருக்கிறது.

தெரியாதவர் வேறு மொழிக்காரராகவும் இருந்துவிட்டால் இன்னொரு படி ஏறுகிறது. டொனால்ட் டெய்லரும் வைஷ்ணா ஜக்கியும் தென்னிந்தியாவில் 30 இந்துக்களிடம் நடத்தி 1974-ல் வெளியிட்ட ஆய்வில், கடைக்காரர் ஏமாற்றுவது, தாராளமாக நடப்பது, மழைக்கு ஒதுங்க இடம் கொடுப்பது, மறுப்பது மாதிரியான சின்னச் சம்பவங்களைக் கொடுத்தார்கள். செய்தவர் தங்கள் மதத்தவர் என்றால் நல்லதற்குக் காரணம் குணம், கெட்டதற்குக் காரணம் சூழ்நிலை. செய்தவர் முஸ்லிம் என்றால் அந்தச் சலுகை இல்லை. பெங்களூரில் இந்த வேலையை மொழி செய்கிறது. தமிழ் பேசும் ஆட்டோக்காரர் ஐம்பது ரூபாய் கூடக் கேட்டால், "பாவம், வாடகை வண்டி." கன்னடம் பேசுகிறவர் அதையே கேட்டால், "இவங்களே இப்படித்தான்." கன்னட வீடுகளில் இதே வசனத்தைத் திருப்பிப் போட்டுப் பேசுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆட்டோவில் முதல் கேள்வியைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். மூன்று வண்டியை நிறுத்திக் கேளுங்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி மீட்டருக்கு மேல் கேட்டால் இடத்திலோ நேரத்திலோ விஷயம் இருக்கிறது: திரும்பி வரச் சவாரி கிடைக்காத ஏரியா, ஏழு மணி நெரிசல், மழை. இரண்டு பேர் மீட்டர் போடுகிறார்கள், ஒருவர் மட்டும் இரண்டு மடங்கு கேட்கிறார் என்றால், தாராளமாக அவரைத் திட்டலாம்.

மொழியே சில குணங்களை உற்பத்தி செய்துவிடும். கன்னடத்தில் 'பன்னி' என்றால் வாங்க, 'பா' என்றால் வா. 'ஹோகி' என்றால் போங்க, 'ஹோகு' என்றால் போ. தெருவில் காதால் கற்றுக்கொண்ட தமிழர் பெரும்பாலும் சுருக்கமான 'பா, ஹோகு'வோடு நின்றுவிடுவார். அறுபது வயதுக் கன்னடக்காரரை, "இல்லி பா" என்று கூப்பிட்டுவிட்டு, அவர் முகம் ஏன் மாறியது என்று தெரியாமல், "சிடுமூஞ்சி" என்று நினைப்பார். அவரோ இவரை மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார். இரண்டு பேருக்கும் இடையில் இருந்தது ஒரு விகுதி. எதிர்ப்பக்கமும் உண்டு. ஊருக்குப் புதிதாக வந்தவர் கடையில் நின்றால், "ஏன் பேக்கு?" என்று காதில் விழும். என்ன வேண்டும் என்றுதான் கடைக்காரர் கேட்கிறார். நம் காதுக்கு அது கேட்கும் விதம் வேறு.

வாட்ஸ்அப்பில் குரலும் முகமும் கூட இல்லை. ஜஸ்டின் க்ரூகரும் சகாக்களும் 2005-ல் வெளியிட்ட சோதனையில், மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா நிஜமா என்பதைப் படிப்பவர் நூற்றுக்கு 78 தடவை சரியாகப் பிடிப்பார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகப் பிடித்தது 56. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அசோசியேஷன் குரூப்பில் "உங்க கார் எங்க ஸ்லாட்ல இருக்கு" என்று வருவது கோபமா தகவலா என்பதை எழுத்திலிருந்து கண்டுபிடிக்க முயல்வதை விட்டுவிட்டு, இன்டர்காமில் கூப்பிட்டுப் பேசிவிடுவது உத்தமம்.

பாடப்புத்தகங்களில் இன்னொன்றும் இருக்கும்: நம் செயலுக்குச் சூழலையும் பிறர் செயலுக்குக் குணத்தையும் காரணம் காட்டுகிறோம் என்பது. கேட்டவுடன் "ஆமா, ஆமா" என்று சொல்லத் தோன்றும். 2006-ல் பெர்ட்ராம் மாலே 173 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, அந்த வித்தியாசம் சராசரியில் கிட்டத்தட்டப் பூஜ்யம். கெட்டது நடந்தால் அந்தச் சாய்வு தெரிகிறது, நல்லது நடந்தால் தலைகீழாகிவிடுகிறது: நமக்கு நல்லது நடந்தால் நம் திறமை. ஆகவே அதை அப்படியே ஒப்பிக்காமல், கெட்ட செய்தியில் மட்டும் உஷாராக இருங்கள்.

சூழல், சூழல் என்று போய் எல்லாவற்றையும் மன்னிக்கும் எதிர்ப்பிழையும் இருக்கிறது. டீமில் எட்டுப் பேர், ஒரே டெட்லைன், ஒரே மேனேஜர். ஏழு பேர் ஜூனியரிடம் சாதாரணமாகப் பேசுகிறார்கள், ஒருவர் மட்டும் கத்துகிறார். போன புராஜெக்ட்டிலும் கத்தினார், அதற்கு முந்தின கம்பெனியில் கூட இருந்தவர்களும் அதையே சொல்கிறார்கள். மூன்று கேள்விக்கும் பதில் ஒரே பக்கம் கை காட்டுகிறது. இங்கே, "அவருக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ" என்று இரக்கப்பட்டால் ஜூனியருக்கு அநியாயம். அதே ஆள் மேலிடத்தில் பூனையாக இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். அப்படியென்றால் கோபத்தை அடக்க முடியாதவர் இல்லை, எங்கே அடக்கத் தேவையில்லை என்று தெரிந்தவர்.

காரணம் தெரிவதும் விட்டுக்கொடுப்பதும் ஒன்றில்லை. அக்காவுக்குத் தண்ணீர்ப் பிரச்சினை, உங்களுக்கு எட்டரை ஆபீஸ் பஸ். இரண்டும் நிஜம். பேச ஆரம்பிக்கும் விதத்தில்தான் காரியம் கெடுகிறது. "ஏன்க்கா லேட்டு?" என்று கேட்டால் பதிலாக ஒரு சாக்குதான் வரும், ஏனென்றால் அந்த 'ஏன்' கேள்வி மாதிரி இருக்கும் குற்றச்சாட்டு. அவரும் பஸ் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கையில் கிடைத்ததைச் சொல்வார். அது பொய் என்று தெரியும்போது, 'பொறுப்பில்லை'யோடு 'புளுகு'ம் சேரும். காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "செவ்வாய், வியாழன், சனி உங்க தெருவுல தண்ணி வருதாக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால், "எத்தனை மணிக்கு விடறாங்க? எத்தனை மணிக்கு நிக்குது?" என்று அடுத்தது. இதில் அவர் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆறரைக்கு வந்து ஏழே முக்காலுக்கு நிற்கிறது என்றால் அவரால் எட்டுக்கு முன்னால் வர முடியாது, யார் திட்டினாலும் முடியாது. அந்த மூன்று நாள் முதல் வீட்டையும் நாலாவது வீட்டையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் குக்கரை ராத்திரியே ஊறவைத்து, காலை டிபனுக்கு வேண்டிய பாத்திரத்தை மட்டும் நீங்களே கழுவிக்கொள்ளலாம். முதல் வழிக்கு நாலாவது வீட்டு அம்மா சம்மதிக்க வேண்டும். அவரிடம் பேசப் போகும்போது ஒன்று மட்டும் கவனம்: அவருக்கு இந்த அக்கா கடிகாரம்.